அரசாங்கக் கல்லாவை எண்ணிப் பார்ப்பவர்

எங்கள் மளிகைக் கடை மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில் இருக்கிறது. ஏரி போய்ப் பல காலமாகிவிட்டது. பெயர் மட்டும் நிற்கிறது. மாதக் கணக்கு நோட்டு வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள் இன்னும் சிலர் உண்டு. அவர்களில் ஒருவர் தேனாம்பேட்டை ஏஜீஸ் ஆபீஸில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

மற்றவர்கள் மாதம் பிறந்ததும் கூட்டுத் தொகையைப் பார்த்துப் பணத்தை எண்ணி வைப்பார்கள். இவர் அப்படியல்ல. கடை ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்து, நோட்டை வரி வரியாகப் படித்து, ஒவ்வொன்றுக்கும் பென்சிலால் ஒரு டிக் போடுவார். ஒரு தடவை, "அண்ணாச்சி, பதினாலாம் தேதி துவரம்பருப்பு ரெண்டு தடவை விழுந்திருக்கு, அடிச்சிடுங்கோ. இருபதாம் தேதி வாங்கின நல்லெண்ணெயை நீங்க எழுதவே இல்லை. அதைச் சேர்த்துக்கோங்கோ" என்றார். எழுதாமல் விட்டதைச் சொல்லாமல் இருந்திருந்தால் அவருக்கு லாபம். கேட்டதற்கு, "யாருக்கு லாபம்கிறது வேற சமாச்சாரம். கணக்கு சரியா இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் தெருவிலேயே கடை வைத்திருக்கும் ஒரு நண்பர், கையில் ஒரு நோட்டீஸின் நகலுடன் பதறிக்கொண்டு வந்தார். பழைய ஆண்டின் ஜி.எஸ்.டி. கணக்கில் அவர் எடுத்த உள்ளீட்டு வரி வரவு கூடுதல் என்றும், அதை வட்டியுடன் கட்ட வேண்டும் என்றும் இருந்தது. காரணம் 'தணிக்கை ஆட்சேபம்' என்று ஒரே வரியில் முடிந்திருந்தது. "என் கடைக்கு எந்தத் தணிக்கையும் வரலையே அண்ணாச்சி! யாரு வந்து, எப்போ பார்த்தாங்க?" என்பதுதான் அவருடைய கேள்வி.

அந்தக் கேள்விக்கு ஸ்டூலில் இருந்த நம்முடைய பெரியவர் பதில் சொன்னார். தணிக்கை செய்யப்பட்டது கடை அல்ல, வரி அலுவலகம். அங்கே இருந்த கோப்பைப் பார்த்து எழுதிய கேள்விதான் நண்பரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அந்த வேலையைச் செய்வது யார், அவருக்கு என்ன அதிகாரம், அவர் சொல்வதற்கு நாம் எவ்வளவு பயப்பட வேண்டும் என்பதெல்லாம் நம் வணிகர்களில் பலருக்கும் தெரிவதில்லை. எனக்கும் அன்றுதான் பாதி தெரிந்தது. மீதியைப் படித்துத் தெரிந்துகொண்டு எழுதுகிறேன்.

யார் இவர்?

நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 148 முதல் 151 வரையிலான பிரிவுகளில் வருபவர், இந்தியக் கணக்காய்வு மற்றும் தணிக்கைத் துறைத் தலைவர். பத்திரிகைகளில் சுருக்கமாக சி.ஏ.ஜி. என்பார்கள். மத்திய அரசு, மாநில அரசுகள், அரசுக் கம்பெனிகள் ஆகியவற்றின் வரவையும் செலவையும் தணிக்கை செய்பவர் இவரே. நியமிப்பவர் குடியரசுத் தலைவர். பதவிக் காலம் 6 ஆண்டுகள் அல்லது 65 வயது, இவற்றில் எது முன்னதோ அது வரை. இடையில் நீக்க வேண்டுமானால் உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்குவதற்கு என்ன முறையோ அதே முறைதான். அவருடைய சம்பளத்தை நாடாளுமன்றம் ஓட்டுப் போட்டுக் குறைக்க முடியாது. ஓய்வு பெற்ற பிறகு மத்திய அரசிலோ மாநில அரசிலோ வேறு பதவி ஏற்கவும் கூடாது. நம் ஊரில் கணக்குப்பிள்ளையை முதலாளியின் மைத்துனன் விரட்டிவிடக் கூடாது என்று கட்டு வைப்பது போல, இத்தனை பாதுகாப்பு.

1949 மே மாதம் அரசியல் நிர்ணய சபையில் இந்தப் பிரிவுகள் விவாதத்துக்கு வந்தபோது, நீதித் துறையின் கடமையைவிடவும் இவருடைய கடமை முக்கியமானது என்ற கருத்தை டாக்டர் அம்பேத்கர் சொன்னார். சுதந்திர இந்தியாவில் இப்பதவியை முதலில் வகித்தவர் வி. நரஹரி ராவ், 1948 முதல் 1954 வரை. இப்போது இருப்பவர் கே. சஞ்சய் மூர்த்தி, 2024 நவம்பரில் பொறுப்பேற்றார். வெள்ளைக்காரர்கள் காலத்தில் முதல் ஆடிட்டர் ஜெனரலாக எட்வர்ட் டிரம்மண்ட் என்பவர் பொறுப்பேற்றது 1860 நவம்பர் 16-ஆம் தேதி. அந்தத் தேதியைத்தான் 2021 முதல் தணிக்கை தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

ஆனால் கணக்குக் கேட்கும் வழக்கத்தை வெள்ளைக்காரர்தான் நமக்குக் கற்றுத் தந்தார் என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. காஞ்சிபுரம் பக்கத்து உத்திரமேரூருக்குப் போனால், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919-லும் 921-லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகளைக் கோயில் சுவரிலேயே பார்க்கலாம். குடவோலை முறையில் யார் வாரியங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்படலாம், யார் கூடாது என்று அதில் விதிகள் உண்டு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்கக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்கக் கூடாது. இன்று இப்படி ஒரு விதி வந்தால் நம் உள்ளாட்சித் தேர்தல்களில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்பதை வாசகர்களின் கற்பனைக்கு விட்டுவிடுகிறேன்.

நிற்க. பதவிப் பெயரில் உள்ள 'கம்ப்ட்ரோலர்' என்ற சொல்லுக்குக் கட்டுப்படுத்துபவர் என்று பொருள். இங்கிலாந்தில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் உண்டு. 1866-ஆம் ஆண்டுச் சட்டப்படி கஜானாவிலிருந்து பணம் வெளியே போக அவர் ஒப்புதல் தர வேண்டும். அதாவது கல்லாச் சாவி ஒன்று அவரிடமும் இருக்கும். நம் நாட்டில் அப்படி இல்லை. கல்லா மூடிய பிறகு வந்து எண்ணிப் பார்ப்பவர்தான் நம்மவர். குறை கண்டால் எழுதுவார். யாரையும் வேலையை விட்டு நீக்கவோ, அபராதம் போடவோ, பணத்தைத் திருப்பி வைக்கச் செய்யவோ அவருக்கு அதிகாரம் கிடையாது. இலங்கையில் கணக்காய்வாளர் தலைமை அதிபதி என்று அழைக்கிறார்கள். அங்கே 2018-ஆம் ஆண்டின் தேசிய கணக்காய்வுச் சட்டம், நஷ்டத்துக்குக் காரணமான அதிகாரியிடமே அதை வசூலிக்க வழி செய்திருக்கிறது. நம் தலைமைத் தணிக்கையாளருக்கு அந்த வசதி இல்லை.

தமிழ்நாட்டில் அவருடைய அலுவலகம்தான் அண்ணா சாலையில் தேனாம்பேட்டையில் இருக்கிறது. மாம்பலவாசிகளில் பல குடும்பங்களுக்கு அது சோறு போட்ட இடம். மாநில அரசின் கணக்குகளைத் தொகுப்பதும், அரசு ஊழியர்களின் ஓய்வூதியத்தைக் கணக்கிட்டு ஆணை தருவதும் ஒரு பிரிவு. தணிக்கை செய்வது வேறு பிரிவு. கணக்கு எழுதுகிற கையும் அதைச் சரிபார்க்கிற கையும் ஒன்றாக இருக்கலாகாது என்று 1984-இல் இரண்டையும் தனித்தனி அலுவலகங்களாகப் பிரித்தார்கள். கல்லாவில் உட்காருபவரே சரக்கு இருப்பும் எடுக்கக் கூடாது என்று நாம் வைத்திருக்கும் முறைதான்.

வரவுப் பக்கம்

செலவைத் தணிக்கை செய்வது எல்லோருக்கும் தெரியும். வரவையும் அவர் தணிக்கை செய்கிறார் என்பதுதான் வணிகர்கள் கவனிக்க வேண்டியது. 1971-ஆம் ஆண்டின் சட்டத்தில் 16-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. அரசுக்கு வர வேண்டிய வரி முறையாக மதிப்பிடப்படுகிறதா, வசூலாகிறதா, சரியான கணக்கில் சேருகிறதா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. இதற்காகத் தணிக்கைக் குழு வரி அலுவலகங்களுக்குப் போய்க் கோப்புகளைப் பரிசோதிக்கிறது. விற்பனை வரிக் காலத்திலிருந்தே இது உண்டு. 'ஏ.ஜி. ஆடிட் வந்திருக்கிறது' என்றால் அந்த வாரம் அலுவலகத்தில் யாரையும் பார்க்க முடியாது என்று பழைய வணிகர்களுக்குத் தெரியும்.

கேள்வி எழுதும் தாளுக்கு அவர்கள் வட்டாரத்தில் 'ஹாஃப் மார்ஜின்' என்று பெயர். தாளின் ஒரு பாதியில் கேள்வி, மறுபாதி பதிலுக்கு. அதற்கு அலுவலகம் சரியான பதில் சொன்னால் விஷயம் அங்கேயே முடிந்தது. சொல்லாவிட்டால் ஆய்வு அறிக்கையில் ஏறும். பெரிய தொகையானால் சட்டமன்றத்துக்குப் போகும் அறிக்கை வரைக்கும் போகலாம். ஆகவே கேள்வி விழுந்ததும் அதிகாரி என்ன செய்கிறார்? தன் தலைக்கு வருமுன் நோட்டீஸை வணிகருக்கு அனுப்பிவிடுகிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் கேள்வி கேட்ட தணிக்கையாளர், "இது சரியா?" என்றுதான் கேட்டிருப்பார். அந்தக் கேள்வி வணிகரின் கைக்கு வரும்போது, "கட்டு" என்று மாறிவிடுகிறது.

இங்கே ஒரு தீர்ப்பைத் தெரிந்துகொள்வது நல்லது. 1979-இல் இந்தியன் அண்ட் ஈஸ்டர்ன் நியூஸ்பேப்பர் சொசைட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கேள்வியைத் தீர்த்து வைத்தது. வருமான வரி மதிப்பீடு முடிந்த பிறகு, சட்டத்தின் பொருள் இதுதான் என்று தணிக்கைக் குழு தன் கருத்தைச் சொன்னால், அதையே 'தகவல்' என்று வைத்துக்கொண்டு முடிந்த கணக்கைத் திறக்க முடியாது என்றது. சட்டத்துக்குப் பொருள் சொல்வது தணிக்கையாளரின் வேலை அல்ல. பின்னர் பி.வி.எஸ். பீடி கம்பெனி வழக்கில், தணிக்கை சுட்டிக்காட்டியது கருத்தாக இல்லாமல் விவரப் பிழையாக இருந்தால் அதன் பேரில் கணக்கைத் திறக்கலாம் என்றும் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இவை வருமான வரிச் சட்டத்தின் அன்றைய பிரிவுகளைப் பற்றியவை, ஜி.எஸ்.டி.க்கு அப்படியே தூக்கிப் பொருத்த முடியாது. இருந்தாலும் வித்தியாசம் நினைவில் இருக்கட்டும். கூட்டலில் தப்பு, பில் நம்பரில் தப்பு என்றால் அது விவரம். 25 கிலோ அரிசி மூட்டைக்கு வரி உண்டா, 26 கிலோ மூட்டைக்கு உண்டா என்பது போன்ற வழக்கு என்றால் அது சட்டத்தின் பொருள். அதில் முடிவு செய்ய வேண்டியவர், உங்கள் பதிலைக் கேட்டுவிட்டு, வரி அதிகாரியே.

நண்பர் விஷயம் விவரப் பிழையாகத்தான் இருந்தது. மொத்த வியாபாரி தன் விவர அறிக்கையில் இவருடைய ஜி.எஸ்.டி. எண்ணில் ஓர் எழுத்தை மாற்றி அடித்திருந்தார். பில் இருந்தது, சரக்கு வந்ததற்கு லாரி ரசீது இருந்தது, பணம் பேங்க் வழியாகப் போனதற்குச் சான்று இருந்தது. மூன்றையும் இணைத்து, மொத்த வியாபாரியிடம் ஒரு கடிதமும் வாங்கிப் பதில் போட்டோம். நேரில் விளக்கம் சொல்ல வாய்ப்பு வேண்டும் என்று எழுத்தில் கேட்டோம். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 75(4) பிரிவு, வணிகர் எழுத்தில் கேட்டாலோ, அவருக்குப் பாதகமான முடிவு எடுக்கப் போவதாக இருந்தாலோ நேரில் கேட்க வேண்டும் என்கிறது. விஷயம் முடிந்தது. ஆனால் அந்த மூன்று வாரமும் அவர் சரியாகத் தூங்கவில்லை.

செலவுப் பக்கம்

இனி கல்லாவின் அடுத்த பக்கத்துக்கு வருவோம். நம்மிடம் வசூலித்த பணம் எப்படிச் செலவானது, அரசு எந்திரம் எப்படி நடந்தது என்பதைப் பற்றி அதே தலைமைத் தணிக்கையாளர் எழுதியவற்றில், மாம்பலத்துக்காரர்கள் மறக்க முடியாத அறிக்கை ஒன்று உண்டு.

2015 டிசம்பர் 1. அன்றைய மழையைப் புதிதாக யாருக்கும் வர்ணிக்க வேண்டியதில்லை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47. இரவில் அடையாற்றுத் தண்ணீர் ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, அசோக் நகர்ப் பக்கமெல்லாம் ஏறியது. மேற்கு மாம்பலத்தின் தாழ்வான தெருக்களும் தப்பவில்லை. நம் வட்டாரக் கடைகளில் ஷட்டருக்குக் கீழே தண்ணீர் நுழைந்தபோது முதலில் போனது அடி வரிசை மூட்டைகள். உப்பும் சர்க்கரையும் கரைந்து கோணி மட்டும் மிஞ்சியது. அரிசியும் பருப்பும் ஊறி வீங்கி, கதவைத் திறக்கும் முன்பே நாற்றம் தெருவுக்கு வந்துவிட்டது. மைதா களிமண்ணாகி, மண்வெட்டி கொண்டு சுரண்ட வேண்டியிருந்தது. இன்ஷூரன்ஸ் போட்டிருந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். நனைந்துபோன பில் புத்தகங்களை வெயிலில் பிரித்துக் காயவைத்த காட்சியை நான் மறக்கவில்லை. சரக்கு போனாலும் கணக்கு இருக்க வேண்டுமே என்ற கவலை.

அந்த வெள்ளத்தைப் பற்றிய தணிக்கை அறிக்கை, 2017-ஆம் ஆண்டின் 4-ஆம் எண் அறிக்கை. சென்னையிலும் புறநகரிலும் 289 பேர் உயிரிழந்ததையும், 23.25 லட்சம் வீடுகளில் தண்ணீர் புகுந்ததையும் அது பதிவு செய்திருக்கிறது. செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3.645 டி.எம்.சி. அந்த அளவை எட்ட இன்னும் இடமிருந்தும், வினாடிக்கு 29,000 கன அடி வீதம் தொடர்ந்து 21 மணி நேரம் தண்ணீர் திறந்துவிடப்பட்டது என்றும், இது மனிதர்களால் ஏற்பட்ட பேரிடர் என்றும் எழுதியது. நீர்நிலை ஆக்கிரமிப்புகளையும் விட்டு வைக்கவில்லை. வரலாறு காணாத மழை, மற்ற ஏரிகளிலிருந்து வந்த உபரி நீரும் அடையாற்றில் சேர்ந்தது என்பவை அரசுத் தரப்பின் விளக்கங்கள். எது எவ்வளவு சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் நீர்ப்பாசன நிபுணன் அல்ல.

எனக்கு உறுத்துவது தேதிதான். வெள்ளம் வந்தது 2015 டிசம்பர். அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது 2018 ஜூலை. இரண்டரை ஆண்டு! அதற்குள் கடன் வாங்கிச் சரக்குப் போட்டவர்கள் பாதிக் கடனை அடைத்திருந்தார்கள். முடியாதவர்கள் கடையைக் காலி செய்துகொண்டு ஊருக்கே போயிருந்தார்கள். அரசியலமைப்பின் 151-ஆவது பிரிவு மாநில அறிக்கையை ஆளுநரிடம் தர வேண்டும், அவர் சட்டமன்றத்தில் வைக்கச் செய்ய வேண்டும் என்கிறது. எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை. நம் நண்பருக்கு வந்த நோட்டீஸில் மட்டும் பதில் தர வேண்டிய நாள் குறிப்பிடப்பட்டிருந்தது. தவறினால் வட்டியும் அபராதமும் காத்திருந்தன. ஒரே தணிக்கையாளரின் பேனா. வரவுப் பக்கத்தில் அவர் வைத்த கேள்விக்குறி ஒரு சின்ன மளிகைக் கடைக்குக் கெடு வைத்துக்கொண்டு வருகிறது. செலவுப் பக்கத்தில் அவர் எழுதிய அறிக்கையோ சட்டமன்ற மேஜைக்கு வந்து சேரவே கெடு இல்லை.

இதற்காக அவரைக் குறை சொல்வது நியாயமல்ல. அறிக்கை கொடுத்ததோடு அவர் வேலை முடிகிறது. பிறகு அதை எடுத்து விசாரிக்க வேண்டியது பொதுக் கணக்குக் குழு. நாடாளுமன்றத்தில் அந்தக் குழுவில் 22 பேர். 1967 முதல் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவரையே தலைவராக வைக்கும் மரபு இருக்கிறது. நம் சட்டமன்றத்திலும் ஒரு பொதுக் கணக்குக் குழு உண்டு. அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கும் இடம் அதுதான். நம் தொகுதி எம்.எல்.ஏ. எந்தக் குழுவில் இருக்கிறார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? மாமூலாகத் தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் மனு கொடுக்கிறோம். செம்பரம்பாக்கம் அறிக்கை குழுவுக்கு வந்ததா, என்ன பதில் வந்தது என்று ஒரு கடிதமாவது போட்டோமா?

தலைமைத் தணிக்கையாளர் எழுதுவதெல்லாம் வேதவாக்கும் அல்ல. 1989-இல் போபர்ஸ் பீரங்கி பற்றிய அறிக்கை வந்தபோது எதிர்க்கட்சி எம்.பி.க்கள் கூட்டமாக மக்களவையிலிருந்து ராஜினாமா செய்தார்கள். 2010-இல் அலைக்கற்றை அறிக்கையில் சொன்ன 1,76,645 கோடி ரூபாய் வீடு வீடாகப் பேசப்பட்டது. 2012-இல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. ஆனால் குற்ற வழக்கில் 2017-இல் சிறப்பு நீதிமன்றம் எல்லோரையும் விடுதலை செய்தது. அந்தத் தொகை ஓர் அனுமானக் கணக்கு. இந்த விலைக்கு விற்றிருந்தால் இவ்வளவு வந்திருக்கும் என்ற வகை. போன தீபாவளிக்கு நல்லெண்ணெயை இன்னும் பத்து ரூபாய் கூட்டி விற்றிருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று நாமும் கணக்குப் போடுவோம். அதைக் கல்லாவில் விட்டுப்போன பணமாக யாரும் எழுதுவதில்லை. தணிக்கை வேறு, தீர்ப்பு வேறு என்பதற்காகச் சொல்கிறேன். அரசியல் எனக்கு வேண்டாம்.

நியமனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் பொதுக் கணக்குக் குழுத் தலைவரின் சம்மதமும் வேண்டும். பதவிக் காலம் பத்தாண்டு, ஒரே தடவை. இங்கே மத்திய அரசு பெயரைச் சொல்ல, குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். யாருடைய கணக்கைப் பார்க்க வேண்டுமோ அவர்களே ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று ஒரு பொதுநல வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 2025 மார்ச்சில் அரசுக்கு நோட்டீஸ் போயிருக்கிறது.

உறுப்பினர்கள் கவனத்துக்கு

ஜி.எஸ்.டி. நோட்டீஸ்கள் பல இப்போது தபாலில் வருவதில்லை. போர்ட்டலில் ஏற்றிவிட்டு இருந்துவிடுகிறார்கள். பார்க்காமல் விட்டதால் ஒருதலையாக உத்தரவு வாங்கி, பிறகு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், வரியில் ஒரு பகுதியைக் கட்டி மறு விசாரணை கேட்டவர்கள் நம் மாநிலத்தில் நிறைய. வாரத்துக்கு ஒரு தடவையாவது உங்கள் கணக்காளரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். நோட்டீஸில் தணிக்கை ஆட்சேபம் என்று இருந்தால், அந்த ஆட்சேபத்தின் நகலை எழுத்தில் கேளுங்கள். அது விவரமா, கருத்தா என்று பிரித்துப் பதில் எழுதுங்கள். ஆண்டறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குப் புத்தகங்களை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அடி அலமாரியில் வேண்டாம். வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

தணிக்கை ஆட்சேபத்தைக் காரணம் காட்டி நோட்டீஸ் பெற்ற உறுப்பினர்கள் அதன் நகலை அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வரவும். ஏஜீஸ் ஆபீஸ் பெரியவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பென்சில் அவரே எடுத்து வருவார்.